கனடாவில் ஓர் அமெரிக்க டிஃபென்சிவ் பேக்: டெல்வின் ப்ரோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஎஃப்எல், அதாவது கனேடிய ஃபுட்பால் லீக் (நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடியும் வீசியும் ஆடுவது) ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். பத்து நிமிடத்தில் கேள்வி ஆரம்பித்துவிடும். பேச்சு டெல்வின் ப்ரோ பக்கம் திரும்பினால் கேள்விகள் இன்னும் கூடும். இவர் ஹாமில்டன் டைகர்-கேட்ஸ் அணியில் ஆடிய நியூ ஆர்லியன்ஸ்காரர். எழுத்தைப் பார்த்து 'பிரியாக்ஸ்' என்று படிப்பவர்கள் உண்டு, ப்ரோ என்று சொன்னால் போதும். அடிக்கடி வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்து பதில் எழுதியிருக்கிறேன்.

டிஃபென்சிவ் பேக்னா யாரு? பந்தையே தொடாம சும்மா ஓடிக்கிட்டே இருக்காரே?

தாக்கும் அணியின் குவார்ட்டர்பேக் பந்தை வீசுவார், அதைப் பிடிக்க ஓடுபவர் ரிசீவர். அவர் கையில் பந்து சேராமல் பார்த்துக்கொள்வதுதான் டிஃபென்சிவ் பேக்கின் வேலை. எட்டினால் தட்டிவிடுவார். வாய்ப்புக் கிடைத்தால் தானே பிடித்துவிடுவார், அதுதான் இன்டர்செப்ஷன். இரண்டும் முடியாமல் ரிசீவர் பிடித்துவிட்டால் அந்த இடத்திலேயே மறித்து விழுத்தியாக வேண்டும்.

கனடாவில் வழக்கமாக ஐந்து பேர் பின்வரிசையில் நிற்பார்கள்: இரண்டு கார்னர், இரண்டு ஹாஃப்பேக், நடுவில் ஒரு சேஃப்டி. ப்ரோ ஒரு கார்னர். ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும், கார்னருக்குத் தெரியாது. ரிசீவர் முன்பக்கமாக ஓடுகிறார், கார்னரோ அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடுகிறார். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கனடா ஃபுட்பாலும் அமெரிக்க ஃபுட்பாலும் ஒண்ணுதானே?

பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் கணக்கு வேறு. அமெரிக்காவில் ஓர் அணிக்கு 11 பேர், கனடாவில் 12. பத்து யார்டு முன்னேற அங்கே நான்கு முயற்சி, இங்கே மூன்றுதான். அங்கே மைதானம் 100 யார்டு நீளமும் 53 யார்டு சொச்சம் அகலமும் கொண்டது. இங்கே 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோன் அங்கே 10 யார்டு ஆழம், இங்கே 20.

முயற்சி மூன்றே என்பதால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடித்து இடித்து முன்னேறுவதற்கு நேரமில்லை. அதனால் வீசித்தான் ஆடுவார்கள், பின்வரிசைக்கு ஓய்வே கிடையாது.

சீசன் ஜூனில் தொடங்கி நவம்பரில் கிரே கோப்பை இறுதியோடு முடியும். மொத்தம் ஒன்பது அணிகள்.

சரி, யார் இந்த டெல்வின் ப்ரோ?

1989-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். உள்ளூர் மெக்டோனா 35 உயர்நிலைப் பள்ளியில் ஆடினார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. 2006 அக்டோபரில், பள்ளியின் கடைசி ஆண்டில், ஓர் ஆட்டத்தில் எதிராளியை மறிக்கப் போய்க் கழுத்து எலும்புகள் உடைந்தன.

அதற்குப் பிறகு 2013, 2014-ல் ஹாமில்டன். 2015 முதல் 2017 வரை சொந்த ஊரின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். 2018, 2019-ல் மறுபடி ஹாமில்டன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் 2006-க்கும் 2013-க்கும் நடுவே பெரிதாக ஓர் இடைவெளி இருக்கிறதே, அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கழுத்து எலும்பு உடைஞ்சவரை எப்படிங்க மறுபடி களத்துல விட்டாங்க?

உடைந்தது கழுத்தின் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது எலும்புகள். இந்த இடத்தில் தண்டுவடம் அறுந்தால் கை கால் போகும், மூச்சும் நிற்கலாம். இவருக்கு எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பியது. உயிர் பிழைத்ததே அதிசயம் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பல்கலைக்கழகம் சொன்ன சொல் தவறவில்லை, உதவித்தொகையைக் கொடுத்தது. ஆனால் ஆட மட்டும் அனுமதிக்கவில்லை. ஒரே ஒரு ஆட்டத்தில்கூட அவர் இறங்கியதில்லை. கூடச் சேர்ந்தவர்கள் பெரிய கார்னர்களாகி, அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போனதை ஓரத்தில் இருந்து பார்த்தார்.

எலும்பு கூடி, ஆடலாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு ஆண்டுகள் பிடித்தன. 2012-ல் லூசியானா பேயூ வைப்பர்ஸ் என்ற அரைத்தொழில்முறை அணியில் தொடங்கினார். 2013-ல் உள்ளரங்க ஃபுட்பால் ஆடும் நியூ ஆர்லியன்ஸ் வூடூ அணிக்குப் போனார். உள்ளரங்கத்தில் களம் 50 யார்டுதான், பக்கவாட்டில் கோட்டுக்குப் பதில் பஞ்சுத் தடுப்பு. அங்கிருந்துதான் அதே ஆண்டு ஹாமில்டன் கூட்டிக்கொண்டு வந்தது.

காலேஜ்ல ஒரு மேட்ச்கூட ஆடாதவரை ஒரு புரொஃபஷனல் டீம் எப்படி எடுக்கும்?

என்எஃப்எல்லில் இது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கல்லூரி ஆட்டத்தின் வீடியோ இல்லாதவரைப் பற்றி அங்கே பேசவே மாட்டார்கள். கழுத்து எலும்பு உடைந்தவர் என்று தெரிந்தால் அந்தப் பேச்சும் இருக்காது.

சிஎஃப்எல்லில் அமெரிக்க வீரர்களுக்கு டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, கிடையாது. டிராஃப்ட் முக்கியமாகக் கனேடியர்களுக்கானது. அமெரிக்கர்களுக்கு ஒவ்வோர் அணியும் ஒரு பேச்சுவார்த்தைப் பட்டியல் வைத்திருக்கும். அதில் ஒருவர் பெயர் இருந்தால் வேறு எந்த சிஎஃப்எல் அணியும் அவரோடு பேச முடியாது. அது போக, வசந்த காலத்தில் அமெரிக்க நகரங்களில் யார் வேண்டுமானாலும் வந்து ஓடிக் காட்டலாம் என்று தேர்வு முகாம்களும் நடத்துவார்கள். உள்ளரங்க லீகுகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பட்டியலில் இருப்பவர்களில் பலர் கனடாப் பக்கமே வரமாட்டார்கள், வருபவர்களிலும் பாதிப்பேரை மே மாத முகாமிலேயே அனுப்பிவிடுவார்கள். அப்படியிருந்தும் கதவு என்று ஒன்று திறந்து இருக்கிறது.

அப்போ சிஎஃப்எல்னா என்எஃப்எல்ல கழிச்சுக் கட்டினவங்க ஆடற இடம்தானே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. பாதி உண்மை. வருகிற அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் என்எஃப்எல்லில் இடம் கிடைக்காதவர்கள்தான். ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்று பாருங்கள். உயரம் இரண்டு அங்குலம் குறைவு, சிறிய கல்லூரி, தப்பான நேரத்தில் முழங்கால் காயம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆட்டம் தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த வரிசையில் குறைவு.

பேரன் மைல்ஸ் நல்ல உதாரணம். 1994-ல் தேசிய சாம்பியனான நெப்ராஸ்கா அணியில் ஆடியவர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் டிராஃப்டில் எடுத்தது. காயத்தால் ஒரு சீசன் ஆட்டமும் ஆட முடியாமல் போயிற்று, ஆளும் குள்ளம். 1998-ல் மான்ட்ரியலுக்கு வந்தார், அப்புறம் பிசி லயன்ஸ். 2009-ல் முடிக்கும்போது 66 இன்டர்செப்ஷன், 2002-லும் 2006-லும் கிரே கோப்பை. எதிரணி உதைத்த பந்தை 13 முறை குறுக்கே பாய்ந்து தடுத்திருக்கிறார், அது லீக் சாதனை. 2018-ல் கனேடிய ஃபுட்பாலின் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். இவரைக் கழித்துக் கட்டியவர் என்று சொன்னால் மான்ட்ரியலில் அடிக்க வருவார்கள்.

மைதானம் பெருசா இருந்தா என்ன? ஓட இடம் ரெண்டு பேருக்கும்தானே கிடைக்குது?

இடம் பெருகினால் ஆதாயம் எப்போதும் பந்து எங்கே போகும் என்று தெரிந்தவருக்குத்தான். அகலத்தை முதலில் பார்ப்போம். ப்ரோ ஆடிய காலத்தில் பந்தை ஓரக் கோட்டிலிருந்து 24 யார்டு உள்ளே வைத்து ஆட்டத்தைத் தொடங்கினால் மறுபக்கம் 41 யார்டு வெட்டவெளியாகக் கிடக்கும் (2022 முதல் 28 யார்டு உள்ளே, மறுபக்கம் 37). என்எஃப்எல்லில் அகலப் பக்கம் அதிகம் போனாலே 30 யார்டு வாக்கில்தான். அந்தப் பக்கம் நிற்கும் கார்னருக்கு ஓரக் கோடு துணைக்கு வராது. அமெரிக்காவில் கார்னர்கள் ரிசீவரைக் கோட்டுப் பக்கமாக ஒதுக்கி ஒதுக்கியே பழகியவர்கள். இங்கே ஒதுக்கிக்கொண்டே போனால் கோடு வருவதற்குள் பந்து வந்துவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை வாகிள். பந்து பின்னால் தரப்படும் கணத்தை ஸ்னாப் என்பார்கள். அமெரிக்காவில் ஸ்னாப்புக்கு முன் ஒரே ஒருவர்தான் அசையலாம், அவரும் முன்னோக்கி ஓடக் கூடாது. கனடாவில் குவார்ட்டர்பேக்குக்குத் துணையாகப் பின்னால் நிற்கும் எல்லோரும் எந்தத் திசையிலும் ஓடலாம். ரிசீவர் பத்துப் பதினைந்து யார்டு பின்னாலிருந்து ஓடி வந்து, ஸ்னாப் ஆகும் அதே கணத்தில் முழு வேகத்தில், பந்து வைத்திருக்கும் கோட்டைத் தாண்டுவார். கிரிக்கெட்டில் நின்ற இடத்தில் இருந்து எறிவதற்கும் முழு ரன்-அப் எடுத்து வந்து போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆட்டத்தை டிவியில் பார்க்கும்போது ஒரு தடவை பந்தை விட்டுவிட்டு ஹாஃப்பேக்கின் காலை மட்டும் பாருங்கள். எதிரே இருவர் குறுக்கும் நெடுக்குமாக ஓடி இடம் மாற்றிக்கொள்வார்கள். அவர் பக்கத்தில் நிற்பவரிடம் கையைக் காட்டி 'நீ அவனை எடு' என்பார், பாதத்தை மாற்றி வைப்பார், மறுபடி மாற்றுவார். ஸ்னாப் ஆவதற்கு முன்பே இரண்டு மூன்று அடி பின்னால் போய்விட்டிருப்பார். போகாமல் நின்றால் ரிசீவர் தோளை உரசிக்கொண்டு தாண்டிவிடுவார், அப்புறம் பிடிக்க முடியாது. புதிதாக வரும் அமெரிக்க கார்னர் முகாமின் முதல் வாரத்தில் இதில்தான் மூச்சுத் திணறுவார். என்எஃப்எல்லில் ஆடியவர் என்ற பெயர் அப்போது உதவாது.

அடிக்காமலே ஒரு புள்ளி குடுக்கினமே, அது என்ன கணக்கு?

அதற்குப் பெயர் ரூஜ். உதைத்த பந்து எண்ட் ஸோனுக்குள் போய், எதிரணி அதை வெளியே கொண்டுவராவிட்டால் ஒரு புள்ளி. கோலைத் தவறவிட்ட உதைக்கும் இது கிடைத்துவந்தது. அதனால்தான் கோல் உதை தவறியதும் பின்னால் காத்து நிற்கும் ஒருவர் பந்தை எடுத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடுவார். ரிசீவர்களோடு டிஃபென்சிவ் பேக்குகளும் இந்த வேலைக்கு நிறுத்தப்படுவதுண்டு. விதி இப்போது மாறுகிறது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ப்ரோவோட இன்டர்செப்ஷன் கணக்கு ரொம்ப கம்மியா இருக்கே, அப்புறம் எப்படி 2014-ல் ஆல்-ஸ்டார் ஆனார்?

ஆல்-ஸ்டார் என்றால் அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இடம். கார்னரை எண்ணிக்கையில் அளப்பது ஏமாற்றும் வேலை. நல்ல கார்னர் நிற்கும் பக்கம் குவார்ட்டர்பேக் வீசவே மாட்டார். வீசாத பந்தைப் பிடிக்க முடியாது. புள்ளிவிவரத் தாளில் அவர் பெயர் காலியாகக் கிடக்கும், எதிரணிப் பயிற்சியாளர் மட்டும் மைதானத்தில் பாதியைக் கணக்கில் இருந்து எடுத்திருப்பார்.

2014-ல் ஹாமில்டனின் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஆர்லாண்டோ ஸ்டைனவர். அவரே பழைய டிஃபென்சிவ் பேக், 49 இன்டர்செப்ஷன் எடுத்தவர். ப்ரோவை ரிசீவரோடு தனியாக விட்டுவிட்டு, மற்றவர்களை வேறு வேலைக்கு அனுப்ப அவரால் முடிந்தது. மேலே சொன்ன 65 யார்டு அகலத்தில் ஒருவரைத் துணை இல்லாமல் நிறுத்துவது சாதாரண நம்பிக்கை இல்லை. என்எஃப்எல் தேர்வாளர்கள் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வந்தார்கள். என்னைக் கேட்டால், குறுகிய அமெரிக்க மைதானத்தில் ஆடியிருந்தால் அவரை இவ்வளவு சீக்கிரம் கவனித்திருக்க மாட்டார்கள். ஒளிய இடமில்லாத களத்தில் ஆடியதுதான் அவருக்கு நன்மையாகப் போயிற்று.

அப்போ இன்டர்செப்ஷன் சாதனை யார்கிட்ட இருக்கு?

லெஸ் பிரவுன். இவரும் அமெரிக்கர், ஒஹாயோக்காரர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1984-ல் ஹாமில்டனில் தொடங்கி வின்னிபெக், ஒட்டாவா, பிசி என்று சுற்றி 1994-ல் முடித்தார். மொத்தம் 87. என்எஃப்எல் சாதனையே பால் கிராஸின் 81 என்பதால், வட அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலில் யாரும் பிரவுனைத் தொடவில்லை. 1986 ஹாமில்டன், 1990 வின்னிபெக், 1994 பிசி என மூன்று அணிகளோடு கிரே கோப்பை வென்றார். 1990-ல் மட்டும் 14 பிடித்தார். ஒரே சீசன் சாதனை ஹாமில்டனின் அல் பிரென்னர் 1972-ல் எடுத்த 15.

இரண்டாம் இடத்தில் 66 உடன் இருவர்: மைல்ஸ், எட்மன்டனின் லாரி ஹைபா. பழைய ஆட்களில் கார்னி ஹென்லியைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஹாமில்டனில் 59 இன்டர்செப்ஷன் எடுத்துவிட்டு, ரிசீவராகவும் ஆடி, 1972-ல் லீகின் தலைசிறந்த வீரர் விருதை வாங்கினார். இப்போது அப்படி இரண்டு பக்கமும் ஆட யாரும் விடமாட்டார்கள்.

கோச் கொடியை வீசி எதையோ மறுபடி பார்க்கச் சொல்றாரே, டிஃபென்சிவ் பேக்குக்கு அதுல என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். பந்து வருவதற்கு முன் ரிசீவரை இழுத்தாலோ தள்ளினாலோ அது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், பெரிய தண்டனை உண்டு. நடுவர் பார்க்காவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். 2014-ல் சிஎஃப்எல் ஒரு புது விதி கொண்டுவந்தது: அதையும் வீடியோவில் மறுபரிசீலனை செய்யச் சொல்லிப் பயிற்சியாளர் கேட்கலாம். இப்படி அனுமதித்த முதல் பெரிய லீக் இதுதான். கையால் லேசாகப் பிடித்து ஆடிப் பழகிய கார்னர்களுக்கு அந்த ஆண்டு திண்டாட்டம். ப்ரோ ஆல்-ஸ்டார் ஆனது அதே ஆண்டில்.

என்எஃப்எல் 2019-ல் ஒரு சீசன் மட்டும் இதைச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டது. அதற்குக் காரணமும் நியூ ஆர்லியன்ஸ்தான். 2019 ஜனவரியில் ராம்ஸ் அணியுடன் நடந்த அரையிறுதியில் செயின்ட்ஸ் ரிசீவரைப் பந்து வருமுன்னே இடித்துத் தள்ளினார்கள், நடுவர் கொடி எடுக்கவில்லை. ஊரே கொதித்தது.

கிரே கோப்பை ஜெயிச்சாரா?

இல்லை. அவர் இருந்த ஹாமில்டன் மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்றது. 2013-ல் ரெஜைனாவில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் ஆடிய சஸ்காச்சுவனிடம் 45-23. அந்த ஆண்டு ஹாமில்டனுக்குச் சொந்த மைதானமே இல்லை. பழையதை இடித்துவிட்டதால் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2014 தோல்விதான் இன்னும் வலிக்கிற ஒன்று. வான்கூவரில் கால்கரி 20-16 என முன்னிலை. கடைசி நிமிடத்தில் ஹாமில்டனின் பிராண்டன் பேங்க்ஸ் பன்ட்டை (எதிரணி தூரமாக உதைத்துவிடும் பந்தை) பிடித்து 90 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், அதாவது பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் போனார். ஹாமில்டன்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். திரும்பிப் பார்த்தால் களத்தில் மஞ்சள் கொடி: பின்னாலிருந்து தள்ளிய குற்றம். டச்டவுன் செல்லாது.

மூன்றாவது 2019, கால்கரியில். அந்த சீசனில் ஹாமில்டன் 15 வெற்றி, 3 தோல்வி என்று வெளுத்து வாங்கியிருந்தது, தலைமைப் பயிற்சியாளர் ஸ்டைனவர். இறுதியில் வின்னிபெக் 33-12 என்று கவிழ்த்தது. வின்னிபெக்குக்கு அது 1990-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை, அதாவது லெஸ் பிரவுன் 14 பிடித்த ஆண்டுக்குப் பிறகு. ஹாமில்டன் கடைசியாக வென்றது 1999-ல். அந்த அணியில் ஆடிய டிஃபென்சிவ் பேக்குகளில் ஸ்டைனவரும் ஒருவர்.

நல்லா ஆடிக்கிட்டு இருந்தவர் ஏன் 2015-ல் கிளம்பிப் போனார்? கனடா பிடிக்கலையா?

பணத்தைப் பாருங்கள். 2014-ல் ஒரு சிஎஃப்எல் அணி மொத்த வீரர்களுக்கும் சேர்த்துச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 50 லட்சம் கனேடிய டாலர். ஒரு வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 50,000. மறு ஆண்டு என்எஃப்எல்லில் புதியவருக்குக் குறைந்தபட்சமே 435,000 அமெரிக்க டாலர். காயத்தில் இருந்து எழுந்து வந்த 25 வயதுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

பல அணிகள் அழைத்துப் பார்த்தன. அவர் சொந்த ஊர் அணியான செயின்ட்ஸில் கையெழுத்திட்டார். கழுத்து உடைந்த அதே நகரத்தில் என்எஃப்எல் கார்னராக இறங்கியதை உள்ளூர்ப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன.

2015 செயின்ட்ஸ் டிஃபென்ஸ் படுமோசம்னு சொல்றாங்களே. அதுல ஆடினவரை எப்படி நல்ல கார்னர்னு சொல்றீங்க?

மோசம்தான், சந்தேகமே இல்லை. அந்த ஆண்டு செயின்ட்ஸ் 45 பாஸிங் டச்டவுன்களை விட்டுக்கொடுத்தது, என்எஃப்எல் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். தடுப்பு ஒருங்கிணைப்பாளரை சீசன் நடுவிலேயே வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அந்தக் குளறுபடியில் ப்ரோ 16 ஆட்டங்களிலும் தொடக்க வீரராக இறங்கி மூன்று இன்டர்செப்ஷன் எடுத்தார். எதிரணியின் முதன்மை ரிசீவரை அவரிடம் ஒப்படைத்தார்கள். குவார்ட்டர்பேக்குகள் மறுபக்கம் வீசி டச்டவுன் குவித்தார்கள். எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்று மேலே சொன்னது இங்கே அணிக் கணக்குக்கும் பொருந்தும்: மொத்த எண் மோசம், ஒரு பக்கம் மட்டும் கெட்டி.

2017-ல் என்னதான் நடந்துச்சு? டாக்டர்களையே வேலையை விட்டு அனுப்பினாங்களாமே?

ஆமாம். பின்னணி இது: 2016 சீசனின் முதல் ஆட்டத்தில், ரெய்டர்ஸுக்கு எதிராக, காலின் பின் எலும்பு உடைந்தது. திரும்பி வந்தார், தோளில் அடிபட்டது. மொத்தம் ஆறு ஆட்டங்களோடு அந்த ஆண்டு முடிந்தது.

2017 பயிற்சி முகாமில் மறுபடி காலில் வலி. வெறும் ரத்தக்கட்டு என்றார்கள். நாட்கள் போயும் அவர் களத்துக்கு வரவில்லை. அணிக்குள் பொறுமை போய், வேறு அணிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சுகூட அடிபட்டது. மறுபடி பரிசோதித்தபோது எலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. அணி தன் எலும்பு மருத்துவர்கள் இருவரை நீக்கியது, ப்ரோவுக்கு அறுவை சிகிச்சை, அந்த சீசன் முழுவதும் போயிற்று. வலிக்கிறது என்று சொல்லும் வீரரை சோம்பேறி என்று நினைப்பது இந்த ஆட்டத்தின் பழைய வியாதி. கழுத்து உடைந்தும் பல வருஷம் காத்திருந்து ஆட வந்தவரையே அப்படி நினைத்தார்கள் என்பதுதான் கொடுமை.

2018-ல் ஹாமில்டனுக்குத் திரும்பினது இறக்கம்தானே?

சம்பளத்தில் இறக்கம். ஆட்டத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். தன்னை முதலில் நம்பிய அணி, முதலில் பயிற்சி கொடுத்த ஸ்டைனவரும் மறுபடி அதே அணியில். காயம் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, பழைய வாகிள் பாடமும் மறந்துபோகவில்லை. இரண்டு சீசன் ஆடினார். 2020 சீசனைக் கொரோனாவால் லீக் முழுவதுமாக ரத்து செய்தது. அவர் கடைசியாக சிஎஃப்எல்லில் ஆடியது 2019 சீசன்.

இவரை மாதிரி கனடாவுல ஆடி என்எஃப்எல்லுக்குப் போன வேற டிஃபென்சிவ் பேக் யாராவது?

பிராண்டன் பிரவுனர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். ஆறடி நான்கு அங்குலம், கார்னருக்கு அது அபூர்வ உயரம். 2007 முதல் 2010 வரை கால்கரி, 2008-ல் கிரே கோப்பை. 2011-ல் சியாட்டில் போன முதல் ஆண்டே என்எஃப்எல்லின் நட்சத்திர ஆட்டமான 'ப்ரோ பவுலுக்கு' (Pro Bowl) தேர்வானார். பிறகு நியூ இங்கிலாந்து அணிக்குப் போய், என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுலின் கடைசி நிமிட இன்டர்செப்ஷனில், பந்தைப் பிடித்தவருக்கு வழி திறக்கும்படி எதிரே நின்ற ரிசீவரை மறித்து நிறுத்தியவர் இவர்தான்.

வின்ஸ்டன் ரோஸ் 2019-ல் வின்னிபெக்குக்காக லீகிலேயே அதிகமாக ஒன்பது இன்டர்செப்ஷன் எடுத்துவிட்டு சின்சினாட்டி போனார், 2021-ல் வின்னிபெக்குக்கே திரும்பினார். போய்வருவது இந்தத் தொழிலில் சகஜம்.

ஏழு கனேடியர் கட்டாயம்னு ஒரு விதி இருக்காமே. அதனால அமெரிக்க கார்னருக்கு இடம் போகாதா?

ப்ரோ ஆடிய காலத்தில் தொடக்க வரிசையில் குறைந்தது ஏழு கனேடியர்கள் இருந்தாக வேண்டும். எந்த ஏழு இடம் என்பதை அணிதான் முடிவு செய்யும். வழக்கமாகத் தாக்குவரிசையின் பெரிய உடம்புக்காரர்கள், ஒரு ரிசீவர், பின்வரிசையில் சேஃப்டி என்று கனேடியர்களை வைப்பார்கள். கார்னரும் ஹாஃப்பேக்கும் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்கே போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சேஃப்டியாக இருக்கும் கனேடியருக்குக் காயம் என்றால், அந்த இடத்துக்கு இன்னொரு கனேடியர் வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு இடத்தில் ஓர் அமெரிக்கரை எடுத்துவிட்டுக் கனேடியரை நிறுத்த வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அமெரிக்க ஹாஃப்பேக் ஒருவர் திடீரென்று உட்கார வைக்கப்பட்டால் அவர் என்ன தப்புச் செய்தார் என்று தேடாதீர்கள், பல சமயம் கணக்குதான் காரணம்.

சிறந்த தடுப்பு வீரர் விருது எப்பவும் முன்வரிசைக்காரங்களுக்கும் லைன்பேக்கருக்கும்தானே போகுது?

நெடுங்காலம் அப்படித்தான். (லைன்பேக்கர் என்பவர் தடுக்கும் அணியில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே நிற்பவர்.) 2011-ல் வின்னிபெக்கின் ஜோவன் ஜான்சன்தான் அதை வாங்கிய முதல் டிஃபென்சிவ் பேக். 2024-ல் சஸ்காச்சுவனின் ரோலன் மில்லிகன் எட்டு இன்டர்செப்ஷனோடு வாங்கினார். 87 பிடித்த லெஸ் பிரவுனுக்கு ஒரு முறைகூடக் கிடைக்காதது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

2027-ல் மைதானத்தைச் சுருக்கப் போறாங்களாமே, அப்போ டிஃபென்சிவ் பேக் வேலை ஈஸி ஆயிடுமா?

2025 செப்டம்பரில் லீக் அறிவித்தது இது: 2027 முதல் நீளம் 110-லிருந்து 100 யார்டு, எண்ட் ஸோன் 20-லிருந்து 15 யார்டு, கோல் கம்பங்கள் எண்ட் ஸோனின் பின்கோட்டுக்குப் போகின்றன. ரூஜ் விதி 2026-லேயே மாறுகிறது. பந்து எண்ட் ஸோனைத் தாண்டி வெளியே போனால் இனிமேல் புள்ளி கிடையாது. பிடித்தவர் வெளியே கொண்டுவராமல் உள்ளேயே மாட்டிக்கொண்டால் மட்டும் புள்ளி.

எண்ட் ஸோன் சிறுத்தால் அங்கே ரிசீவரை மறைப்பது கொஞ்சம் சுலபம். முன்வாசலில் நின்ற கம்பம் போய்விடுவதால், அதைச் சுற்றி ஓடித் தப்பும் ரிசீவர்களின் தந்திரமும் போகும். ஆனால் 65 யார்டு அகலம், 12 பேர், மூன்று முயற்சி, வாகிள் நான்கிலும் கைவைக்கவில்லை. அகலப் பக்கம் நிற்கும் கார்னருக்கு எதிரே இப்போதுள்ள 37 யார்டு அப்படியே இருக்கும்.